காற்றைச் செலுத்தி இலகு எண்ணெய் மீட்டல்

எண்ணெய் தேங்கியிருக்கும் ஆழ்நிலப் பாறைகளுக்குள் உயர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, வழக்கமான முறைகளால் எடுக்க இயலாமல் தங்கிவிட்ட கச்சா எண்ணெயை வெளிக்கொணரும் முறை காற்றுச் செலுத்தல் எனப்படும். மேம்படுத்திய எண்ணெய் மீட்பு என்று வழங்கப்படும் தொழில்நுட்பங்களுள் இதுவும் ஒன்று. இம்முறையில் செலுத்தப்படும் காற்றிலுள்ள ஆக்சிசன் பாறைக்குள்ளேயே எண்ணெயின் ஒரு சிறு பகுதியுடன் வினைபுரிந்து வெப்பத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகிறது. அந்த வாயுவும் காற்றிலுள்ள நைட்ரஜனும் சேர்ந்து மீதி எண்ணெயை உற்பத்திக் கிணறுகளை நோக்கித் தள்ளுகின்றன. இந்தியாவில் குசராத்தின் மெகசானாப் பகுதியில் கன எண்ணெய்க்கும், அகமதாபாத் அருகிலுள்ள கமிஜ் வயலில் இலகு எண்ணெய்க்கும் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் (ஓ.என்.ஜி.சி.) இம்முறையைக் கையாண்டுள்ளது. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் கிடைப்பது பெரும்பாலும் இலகு எண்ணெய் என்பதால், அங்கு இது பொருந்துமா என்ற கேள்வியும் எழுகிறது.

எண்ணெய் ஏன் பாறையிலேயே தங்கிவிடுகிறது

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுவதுண்டு. அப்படி எந்த ஏரியும் கீழே இல்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் மணிகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய துளைகளில் எண்ணெயும் நீரும் வாயுவும் அடைந்து கிடக்கின்றன. மாமல்லபுரம் கடற்கரையில் அலை வழிந்து சென்ற பிறகும் மணல் ஈரமாகவே இருப்பதைக் காணலாம். மணலை அள்ளிக் கையில் பிழிந்தாலும் கொஞ்சம் ஈரம் ஒட்டிக்கொண்டே நிற்கும். நீரை மணிகளுக்கிடையே பிடித்து வைத்திருப்பது நுண்புழை விசை. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், இந்த மணலைவிட இறுகிய பாறையில் எண்ணெயையும் அதே விசைதான் பிடித்து வைத்திருக்கிறது.

கிணறு தோண்டியதும் தேக்கத்தின் சொந்த அழுத்தத்தால் வெளியேறும் எண்ணெய் முதல்நிலை மீட்பு எனப்படும். பல வயல்களில் இது மொத்த இருப்பில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அழுத்தம் குறைந்தபின் நீரையோ இயற்கை வாயுவையோ செலுத்தி எண்ணெயைத் தள்ளுவது இரண்டாம்நிலை மீட்பு. நல்ல வயல்களில் இவ்விரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு அளவைத் தரும். எஞ்சிய பெரும்பகுதி பாறையிலேயே கிடக்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. கண்டுபிடித்த வயலிலேயே பாதிக்கு மேற்பட்ட எண்ணெயை விட்டுவிட்டு வருவது இந்த நிலையில் சிறிய செய்தியன்று. நடுவண் அரசு 2018இல் மேம்படுத்திய மீட்பு முறைகளுக்கு ஊக்கமளிக்கும் கொள்கையை வெளியிட்டதும் இதனால்தான்.

நீரைச் செலுத்துவது எங்கும் கைகொடுப்பதில்லை. துளைகள் மிக நுண்ணியவையாக இருக்கும் பாறை நீரை ஏற்க மறுக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் பாறை விரிசல் விட்டு, நீர் விரிசல் வழியே ஓடிவிடும். சில பாறைகளில் உள்ள களிமண் நீர்பட்டு உப்பித் துளைகளை அடைத்துவிடும். நீரை விடப் பாகுநிலை மிகக் குறைந்த வாயு இத்தகைய பாறைக்குள் எளிதாக நுழையும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு, இயற்கை வாயு, தூய நைட்ரஜன் ஆகியவற்றுக்கு விலை கொடுக்க வேண்டும், அல்லது தொலைவிலிருந்து குழாயில் கொண்டுவர வேண்டும். காற்று மட்டும் எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. அழுத்துவதற்குத்தான் செலவு.

இலகு எண்ணெய் என்பது

எண்ணெயின் கனத்தை அளக்கத் தொழில்துறையில் ஏ.பி.ஐ. பாகை என்னும் அலகு பயன்படுகிறது. இதில் எண் கூடக் கூட எண்ணெய் இலகுவானது. நீர் 10 பாகை. ஏறத்தாழ 31 பாகைக்கு மேற்பட்டவை இலகு எண்ணெய் என்றும், 20க்குக் கீழ்ப்பட்டவை கன எண்ணெய் என்றும் பொதுவாகப் பிரிக்கப்படுகின்றன. கன எண்ணெய் வெல்லப்பாகு போல் அசையும். அதற்கு வேண்டியது சூடு. இலகு எண்ணெய் ஏற்கெனவே நீர்போல ஓடக்கூடியது. அதைச் சூடாக்குவதால் கிடைக்கும் பயன் குறைவு. அதற்கு வேண்டியது தள்ளுவிசை.

காற்றைச் செலுத்தி எண்ணெயைப் பாறைக்குள்ளேயே எரிக்கும் முறை முதலில் கன எண்ணெய்க்காகத்தான் வளர்ந்தது. உருமேனியாவின் சுப்லாகு டி பர்காவு வயலில் 1960களில் தொடங்கிய திட்டம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இலகு எண்ணெய்க்கு இதைப் பயன்படுத்தும் எண்ணம் பிற்காலத்தில் வந்தது. பெயரிலும் வேறுபாடு காட்டப்படுகிறது. கன எண்ணெயில் செய்வது உள்ளிட எரிப்பு என்றும், இலகு எண்ணெயில் செய்வது உயர் அழுத்தக் காற்றுச் செலுத்தல் என்றும் வழங்கப்படும். கருவிகள் ஏறக்குறைய ஒன்றே. ஆழம், அழுத்தம், எண்ணெய் நகரக் காரணமான விசை ஆகியவைதான் மாறுகின்றன.

பாறைக்குள் நடப்பது

ஆழமான தேக்கம் இயல்பாகவே சூடானது. கீழே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை செல்சியசு வரை வெப்பநிலை கூடும். 2,500 மீட்டர் ஆழத்தில் பாறை 100 பாகையை எட்டியிருக்கும். அந்தச் சூட்டில் ஆக்சிசன் பட்டதும் எண்ணெய் தானாகவே வினைபுரியத் தொடங்குகிறது. மேலோட்டமான கன எண்ணெய் வயல்களில் கிணற்றடியில் எரிகருவி கொண்டு தீ மூட்ட வேண்டிவரலாம். ஆழமான இலகு எண்ணெய்க்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இந்த வினை இரு நிலைகளில் நடக்கிறது. முதலாவது தாழ்வெப்ப ஆக்சிசனேற்றம். சமையலறையில் திறந்து வைத்த நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நாளடைவில் காறல் வாடை அடிப்பது இவ்வகை வினையால்தான். ஆக்சிசன் எண்ணெய் மூலக்கூறுடன் ஒட்டிக்கொண்டு பெராக்சைடு, ஆல்டிகைடு, கீட்டோன், அமிலம் போன்றவற்றை உண்டாக்குகிறது. அடுப்படியில் மாதக்கணக்கில் நடப்பது 100 பாகை வெப்பத்திலும் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்திலும் மிக விரைவாக நடக்கும். ஒவ்வொரு வினையும் சிறிது வெப்பத்தை வெளியிடுகிறது. சுற்றிலும் பாறை இருப்பதால் அந்த வெப்பம் எளிதில் தப்பிப்பதில்லை. ஈரத்தோடு அடுக்கிவிட்ட வைக்கோல் போர் உள்ளுக்குள் வெந்து, சில வேளை தானாகவே தீப்பிடிப்பதை உழவர்கள் அறிவார்கள். அங்கே தொடக்கத்தில் சூட்டை உண்டாக்குவன நுண்ணுயிர்கள் என்றாலும், வெளியேற வழியில்லாத வெப்பம் சேர்ந்துகொண்டே போவதுதான் இரண்டிலும் பொது.

இரண்டாவது உயர்வெப்ப ஆக்சிசனேற்றம். வெப்பநிலை ஏறத்தாழ 300 முதல் 350 பாகையைத் தாண்டினால் மூலக்கூறுகளின் பிணைப்புகள் உடைந்து, முழுமையான எரிதல் நடக்கும். அதன் விளைபொருள்கள் கார்பன் டை ஆக்சைடும் நீரும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் ஆகும். எரியும் முகப்பு ஒரு மெல்லிய வளையம்போலக் காற்றுக் கிணற்றைச் சுற்றி மெதுவாக வெளிநோக்கி நகர்கிறது. முன்னால் இருக்கும் எண்ணெயிலிருந்து இலேசான கூறுகள் ஆவியாகி மேலும் முன்னே ஓடிவிட, பாறையில் ஒட்டிய மிச்சமே எரிபொருளாகிறது. மண் பூசி மூடிய கரிமூட்டத்துக்குள் தீ ஓசையின்றி ஊர்ந்து செல்வதோடு இதை ஒப்பிடலாம். தேக்கத்திலுள்ள எண்ணெயில் 5 முதல் 10 விழுக்காடு வரை இவ்வாறு எரிந்துபோவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அது பெரும்பாலும் வேறு எந்த வழியிலும் வெளிவந்திருக்காத எண்ணெய்.

எரிதலின் கணக்கு எளிது. எண்ணெயைச் சராசரியாக ஒரு கார்பனுக்கு இரண்டு ஐதரசன் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கார்பன் அணுவும் முழுமையாக எரிய ஒன்றரை ஆக்சிசன் மூலக்கூறு வேண்டும். நூறு பங்கு காற்றில் ஆக்சிசன் 21 பங்கு, மற்றவை 79. அந்த 21 பங்கு ஆக்சிசன் 14 பங்கு கார்பன் டை ஆக்சைடாக மாறும். உருவாகும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆக, வெளியேறும் புகைவாயுவில் ஏறத்தாழ 85 விழுக்காடு நைட்ரஜனும் 15 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் இருக்கும். வயல்களில் உற்பத்திக் கிணற்று வாயுவைச் சோதிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான். கார்பன் டை ஆக்சைடு இதைவிட மிகக் குறைவாக இருந்து ஆக்சிசனும் காணாமல் போயிருந்தால், கீழே எரிதல் நடக்கவில்லை, காறல் வகை வினை மட்டுமே நடக்கிறது என்று ஊகிக்கலாம். கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி நிலத்தடி நீரில் கரைந்துவிடும் என்பதால் தொடக்க மாதங்களில் இந்த ஊகம் தவறாகவும் போகலாம்.

இதே கணக்கின்படி ஒரு கிலோ எண்ணெய் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். தரைமட்டத்தில் அது சுமார் 12 கன மீட்டர், அதாவது சிறிய அறை ஒன்றின் கொள்ளளவில் பாதி.

எண்ணெயைத் தள்ளுவது எது என்பதில் வல்லுநர்களிடையே நீண்டகாலக் கருத்து வேறுபாடு உண்டு. ஆக்சிசனைத் தீர்ப்பதற்கு மட்டுமே வினை தேவை, உண்மையில் வேலை செய்வது புகைவாயுதான் என்பது ஒரு சாரார் கருத்து. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் தாழ்வெப்ப வினையை முன்வைத்து விரிவான ஆய்வுகள் நடந்தன. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோ, வெப்ப முகப்பு உருவாகாவிட்டால் மீட்பு குறையும், ஆக்சிசன் முன்கூட்டியே உற்பத்திக் கிணற்றை அடையும் அபாயமும் கூடும் என்று வலியுறுத்தியது. புகைவாயு தேக்கத்தின் அழுத்தத்தை மீட்டெடுக்கிறது, எண்ணெயில் கரைந்து அதை உப்பச் செய்கிறது, இலேசான கூறுகளைப் பிரித்து வாயுவோடு இழுத்துச் செல்கிறது. இவை யாரும் மறுக்காத செய்திகள். வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்பது வயலுக்கு வயல் மாறும் என்று கொள்வதே பொருத்தம்.

காற்றை அழுத்துதல்

வாகன டயரில் இருப்பது வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 2 பார் அழுத்தம். ஆழமான தேக்கத்துக்குள் காற்று நுழைய 200 முதல் 300 பார் வேண்டிவரும். இதற்குப் பல அடுக்குக் கம்ப்ரசர்கள் பயன்படுகின்றன. 300 மடங்கை ஒரே அடியில் எட்ட முயன்றால் என்னவாகும் என்று பார்க்கலாம். வெப்பம் வெளியேறாமல் அழுத்தப்படும் காற்று, 27 பாகையில் தொடங்கினால், கோட்பாட்டின்படி 1,200 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். எந்த இயந்திரமும் அதைத் தாங்காது. ஆகவே ஐந்து அடுக்குகளில், ஒவ்வொன்றிலும் மூன்று மடங்குக்குச் சற்று மேல் அழுத்தி, இடையிடையே குளிர்விக்கிறார்கள். அப்போது ஒவ்வோர் அடுக்கிலும் வெப்பநிலை 140 பாகையை ஒட்டி நிற்கும். நடைமுறை இழப்புகளால் இன்னும் சற்றுக் கூடும்.

காற்றுச் செலுத்தல் திட்டத்தில் மிகப்பெரிய செலவு இந்தக் கம்ப்ரசர் நிலையமும் அது விழுங்கும் ஆற்றலும்தான். வயலில் கிடைக்கும் வாயுவையே எரிபொருளாகக் கொண்டு அதை இயக்குவதுண்டு. நிலையம் அடிக்கடி நின்றுபோனால் திட்டமே பாழாகும். காற்று நின்றால் எரியும் முகப்பு குளிர்கிறது, கிணற்றில் அழுத்தம் இறங்குகிறது. அதோடு கீழே காணும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.

வெடிப்பு அபாயம்

எரிபொருள், ஆக்சிசன், தீப்பொறி மூன்றும் சேர்ந்தால் தீ. எண்ணெய் வயலில் ஆக்சிசனை உள்ளே விடக்கூடாது என்பது தொழிலாளர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடங்களுள் ஒன்று. இம்முறையோ ஆக்சிசனை வேண்டுமென்றே உள்ளே அனுப்புகிறது. பல நிறுவனங்கள் இதைத் தொடத் தயங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அபாயம் பாறைக்குள் இல்லை. அங்கே நுண்துளைகளில் சிக்கிய வினை வெடிப்பாக மாற இடமில்லை. அபாயம் இருப்பது எஃகுக் குழாய்களில், அதாவது கம்ப்ரசரிலும் காற்றுக் கிணற்றிலும் உற்பத்திக் கிணற்றிலும்.

கம்ப்ரசரின் உருளைகளுக்கு மசகெண்ணெய் வேண்டும். வழக்கமான கனிம மசகெண்ணெய் வெளியேறு குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்தால், சூடான உயர் அழுத்தக் காற்றில் அது டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் தானாகப் பற்றும் வெப்பநிலை உயர்ந்த, எசுத்தர் வகைச் செயற்கை மசகெண்ணெய்களையே பயன்படுத்த வேண்டும். குழாய்களை அவ்வப்போது கழுவித் துப்புரவாகவும் வைத்திருக்க வேண்டும்.

காற்றுக் கிணற்றில் பிரச்சினை எழுவது, கம்ப்ரசர் திடீரென நிற்கும்போது. கிணற்றில் அழுத்தம் விழுந்ததும் தேக்கத்திலுள்ள எண்ணெயும் வாயுவும் திரும்பிக் கிணற்றுக்குள் ஏறும். அங்கே ஏற்கெனவே உயர் அழுத்தக் காற்று இருக்கிறது. இந்தக் கலவை உருவாகும் முன்பே நீரையோ நைட்ரஜனையோ செலுத்திக் கிணற்றைக் கழுவிவிடுவது கட்டாய நடைமுறை. இதற்கான நீர்த்தொட்டியும் பம்பும் எந்நேரமும் தயார்நிலையில் இருக்கும். திரும்பு ஓட்டத்தைத் தடுக்கும் வால்வுகளை மட்டும் நம்புவதில்லை.

உற்பத்திக் கிணற்றில் கண்காணிக்க வேண்டியது ஆக்சிசன். மீத்தேன் சாதாரண நிலையில் பற்ற, கலவையில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஆக்சிசனாவது வேண்டும். அழுத்தம் கூடினால் இந்த எல்லை சற்று இறங்கும். எனவே ஆக்சிசன் 5 விழுக்காட்டை நெருங்கும் முன்பே கிணற்றை மூடுவது பல வயல்களில் வழக்கம். வெடிப்பு நேராவிட்டாலும் ஆக்சிசன், கார்பன் டை ஆக்சைடு, நீர் மூன்றும் சேர்ந்தால் எஃகு வேகமாக அரிக்கப்படும். எண்ணெயும் நீரும் பிரியாத குழம்பாக வருவதும் உண்டு. வெடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அன்றாடம் பணத்தைக் கரைப்பது என்னவோ இந்த அரிப்பும் குழம்பும்தான்.

பஃபலோ வயல்

இலகு எண்ணெய்யில் இம்முறை வெற்றிபெறும் என்று காட்டிய இடம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஆர்டிங் கவுண்டியிலுள்ள பஃபலோ வயல். 1954இல் கண்டறியப்பட்ட இவ்வயலின் தேக்கம் ரெட் ரிவர் என்னும் சுண்ணாம்பு வகைப் பாறையடுக்கில், 2,500 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், மிக மெல்லிய படலமாக அமைந்துள்ளது. பாறையின் உட்புகுதிறன் குறைவு, வெப்பநிலை 100 பாகையை ஒட்டியது. நீர் செலுத்துவதற்கு ஏற்ற இடமன்று. 1979 சனவரியில் காற்றைச் செலுத்தத் தொடங்கினர். பத்தாண்டுகளைப் பல முறை கடந்து அத்திட்டம் ஓடியது. அருகருகே இருந்த இரு பகுதிகளில் ஒன்றில் காற்றும் மற்றொன்றில் நீரும் செலுத்தப்பட்டதால், இரண்டையும் நேரடியாக ஒப்பிடும் அரிய வாய்ப்பும் ஆய்வாளர்களுக்குக் கிட்டியது. பாறை காற்றை எளிதாக ஏற்றுக்கொண்டதால் காற்றுப் பகுதியில் எண்ணெய் விரைந்து கிடைத்தது.

பின்னர் வடக்கு டகோட்டாவின் மெடிசின் போல் இல்சு வயலில் 1987இலும், சீடார் இல்சு வயலின் வடபகுதியில் 2002இலும் காற்றுச் செலுத்தல் தொடங்கியது. பிந்தையதில் கிடைமட்டக் கிணறுகளும் பயன்பட்டன. லூசியானாவின் வெசுட்டு ஆக்பெரி வயலில் 1990களில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. அங்கே பாறையடுக்குகள் உப்புக் குவியல் ஒன்றைச் சுற்றிச் செங்குத்தாகச் சாய்ந்திருந்தன. மேல்முனையில் காற்றைச் செலுத்தி, எண்ணெய் தன் எடையாலேயே கீழே வடிந்து சேரும்படி செய்தனர். வாயு மேலேயும் எண்ணெய் கீழேயும் இருப்பது இயற்கைக்கு ஒத்த ஏற்பாடு. கிடையான அடுக்கில் வாயு எண்ணெயைத் தாண்டி மேற்புறமாக ஓடிவிடும் தொல்லை இங்கே இல்லை.

குசராத்து அனுபவம்

மெகசானா மாவட்டத்தின் பலோல், சந்தால் வயல்கள் 1970களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டவை. ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் உள்ள இவற்றின் எண்ணெய் மிகக் கனமானது. கூடவே பக்கவாட்டில் வலுவான நிலத்தடி நீர் நெருக்குகிறது. நீரின் பாகுநிலை எண்ணெயினதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. அதனால் கிணறு திறந்த சில காலத்திலேயே எண்ணெயை முந்திக்கொண்டு நீர் வந்துவிடும். இயல்பான முறையில் பத்தில் ஒரு பங்கு அளவே கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது. 1990இல் பலோலில் சோதனை முறையில் உள்ளிட எரிப்பு தொடங்கி, 1997இல் பலோல், சந்தால் இரண்டிலும் வணிக அளவுக்கு விரிவுபடுத்தப்பட்டது. மீட்பைப் பல மடங்காக்குவதே இலக்கு. இதற்கான ஆய்வுப் பணிகளில் அகமதாபாதிலுள்ள ஓ.என்.ஜி.சி.யின் தேக்க ஆய்வு நிறுவனம் முதன்மைப் பங்கு வகித்தது. தொண்ணூறு விழுக்காடு நீர் வந்துகொண்டிருந்த கிணறுகளில் எண்ணெயின் பங்கு மீண்டும் ஏறியது அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது.

கமிஜ் வேறு வகை. அங்கே எண்ணெய் இலகுவானது, பாறைதான் இறுக்கமானது. பஃபலோவைப் போன்ற சிக்கல் என்பதால் உயர் அழுத்தக் காற்றுச் செலுத்தல் சோதனைத் திட்டத்துக்கு அவ்வயல் தேர்ந்தெடுக்கப்பட்டது. மெகசானாவில் கம்ப்ரசர்களை ஆண்டுக்கணக்கில் இயக்கிப் பெற்ற பட்டறிவு இதற்கு அடித்தளமாக அமைந்தது. இந்தியாவில் இம்முறையைக் கற்க விரும்பும் மாணவருக்குப் பாடநூலைவிடப் பயன்தருவது இந்த இரு வகை வயல்களையும் ஒப்பிட்டுப் படிப்பதே.

செங்கல்பட்டுப் பாறையும் காவிரிப் படுகையும்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி பழமையான படிகப் பாறையின் மேல் அமைந்தது. மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் இரதங்கள் குடையப்பட்டதும் இவ்வகைக் கடினப் பாறையில்தான். இம்மாவட்டத்திலுள்ள பல்லாவரம் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டவர் புவியியலாளர் டி. எச். ஆலந்து. கொல்கத்தாவிலுள்ள சோப் சார்னாக்கின் கல்லறை இப்பகுதிக் கல்லால் ஆனது என்பதே பெயர்க்காரணம். உளியை மழுக்கும் இந்தப் பாறையில் மணற்கல்லைப் போன்ற துளைகள் இல்லை. எண்ணெய் உருவாகவும் தேங்கவும் வேண்டிய படிவுகளும் மாவட்டத்தின் பெரும்பகுதியில் இல்லை.

மாவட்டத்தின் வடமேற்கே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் தொல் தாவரப் புதைபடிவங்கள் கொண்ட கோண்டுவானாக் காலப் படிவுகள் காணப்படுகின்றன. கடலுக்குள் இவை பாலாறு–பெண்ணாறு படுகையாக விரிகின்றன. இந்தப் படுகையின் கடற்பகுதி எண்ணெய்த் தேடலுக்காக ஒதுக்கப்பட்டதுண்டு. ஆனால் வணிக அளவில் உற்பத்தி எதுவும் அங்கு தொடங்கவில்லை. எண்ணெய் கிடைப்பது இதற்குத் தெற்கே, புதுச்சேரிக்கு அப்பால் தொடங்கும் காவிரிப் படுகையில். அங்கு 1960களிலேயே துளையிடல் தொடங்கினாலும், நாகப்பட்டினம் அருகே நரிமணம் 1985இல் கண்டறியப்பட்ட பிறகே உற்பத்தி உறுதிப்பட்டது. 1993இல் அங்கே சிறு சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. 1988இல் கடலில் கண்டறியப்பட்ட பி.ஒய்.-3 வயலின் எண்ணெய் 49 பாகை. அது பெட்ரோலை நெருங்கும் இலகுத்தன்மை.

ஆழம், வெப்பம், இலகு எண்ணெய் ஆகிய மூன்றையும் மட்டும் பார்த்தால் காவிரிப் படுகை காற்றுச் செலுத்தலுக்கு உகந்ததாகவே தோன்றும். இருந்தும் அங்கு இம்முறை வணிக அளவில் நடைமுறைக்கு வரவில்லை. வயல்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று விலகிச் சிதறியவை. ஒரு பெரிய கம்ப்ரசர் நிலையத்தின் செலவைத் தாங்குமளவு எண்ணெய் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

வாயுவும் ஒரு தடை. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயு திருவாரூர் மாவட்டத்தின் கோவில்களப்பால், மயிலாடுதுறை மாவட்டத்தின் குத்தாலம் ஆகிய இடங்களிலுள்ள வாயுச் சுழலி மின் நிலையங்களுக்கு எரிபொருள். காற்றுச் செலுத்தல் நடக்கும் வயலில் சில மாதங்களில் உற்பத்தி வாயுவோடு நைட்ரஜன் கலந்து வரத் தொடங்கும். நைட்ரஜன் எரியாது. பாதி நைட்ரஜனான வாயு பாதி வெப்பத்தையே தரும், சுழலிகளும் அதை ஏற்காது. பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். எண்ணெய்க்காக வாயுவைக் கெடுப்பதா என்ற கேள்விக்கு, வாயு விலைபோகாத டகோட்டாப் புல்வெளியில் கிடைக்கும் விடை டெல்டாவில் கிடைக்காது.

நிலத்தின் நிலையும் வேறு. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயுத் தேடலைத் தடை செய்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது நிறுத்தவில்லை. புதுக் கிணறு தோண்டாமல், இருக்கும் வயலில் கூடுதலாக எடுக்கலாம் என்று மேம்படுத்திய மீட்புக்கு ஆதரவாகப் பேச இது இடம் தருகிறது. ஆனால் அதே சட்டம் பிறந்தது நிலத்தடி நீரையும் வயலையும் பற்றிய உழவர்களின் அச்சத்திலிருந்து. உயர் அழுத்தக் காற்றைத் தாங்க வேண்டிய பழைய கிணறுகளின் எஃகு உறையும் சிமெண்டும் எந்த நிலையில் உள்ளன என்று கிணறுதோறும் சோதித்துக் காட்டாமல் அந்த வாதம் எடுபடாது. உறையில் ஓட்டை இருந்தால் வாயு முதலில் தேடிப்போவது மேலேயுள்ள நன்னீர் அடுக்குகளைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் பாறையின் இயல்பு உண்டு. சீர்காழி வட்டாரத்தின் மாதானத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் கண்டது மணற்கல்லில் அன்று, படிவுகளுக்கு அடியில் புதைந்துள்ள அடித்தளப் பாறையின் விரிசல்களில். மாமல்லபுரத்திலும் பல்லாவரத்திலும் தரைமேல் தலைகாட்டும் படிகப் பாறைகளின் இனத்தைச் சேர்ந்ததே அந்த அடித்தளம். டெல்டாவில் அது வண்டலுக்குக் கீழே ஆழத்தில் கிடக்கிறது. அத்தகைய பாறையில் துளை இல்லாவிட்டாலும் வெடிப்புகளில் எண்ணெய் நிற்கும். காற்றைச் செலுத்த மிகவும் தகாத இடமும் அதுவே. காற்று வினைபுரிய நேரமின்றி விரிசல் வழியே நேராக ஓடி உற்பத்திக் கிணற்றை எட்டிவிடும். மணற்கல்லில் மாதக்கணக்கில் தீர்ந்துபோகும் ஆக்சிசன் இங்கே நாள்கணக்கில் மேலே வந்துவிடலாம்.

எந்த வயலானாலும் முடிவெடுக்கும் முன் ஆய்வகச் சோதனைகள் நடத்தப்படுகின்றன. அவ்வயலின் எண்ணெயையும் நொறுக்கிய பாறையையும் எஃகுக் குழாயில் நிரப்பி, தேக்கத்தின் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தீ முகப்பு நகரும் வேகத்தையும் ஒரு கன மீட்டர் பாறைக்கு எவ்வளவு எரிபொருள் தீர்கிறது என்பதையும் அளப்பார்கள். எண்ணெய் தானாக எப்போது சூடேறுகிறது என்பதை வெப்ப அளவியால் தனியே கண்டறிவார்கள். பின்பு கணினி மாதிரி, அதன்பின் ஒரு காற்றுக் கிணறும் அதைச் சுற்றி நான்கைந்து உற்பத்திக் கிணறுகளும் கொண்ட சோதனைத் திட்டம். குழாயில் நன்றாக எரிந்த எண்ணெய் வயலில் கைவிட்டதும் உண்டு. குழாய்க்குள் காற்று எல்லாப் பக்கமும் சமமாகச் செல்லும். நிலத்துக்கடியில் அது எளிதான வழியைத் தேடிக்கொள்ளும்.